நடுக் கொழுக்கி

என் வலது தோளைப் பற்றி முதன்முதலில் முறைப்பாடு செய்தது ஒரு சாறிச் சட்டை.

போன தை மாதம் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். மணமகள் வெளிநாட்டில் வேலை செய்கிறவள். தோழிகளாக நிற்கப்போகும் எங்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சாறியும், முதுகுப் பக்கம் கொழுக்கி வைத்த சட்டையும் அங்கேயே தைப்பித்துக் கொண்டுவந்திருந்தாள். சட்டைக்கு நாலு கொழுக்கி. வேலணையில் பெரியம்மா வீட்டு அறைக்குள் ஒரேயொரு நிலைக்கண்ணாடி. அதற்கு முன்னால் ஊர்ப்பட்ட பெண்கள், அவர்களின் முழங்கைகள். எனக்கோ பொறுமை பிறப்பிலேயே குறைவு. யாராவது வந்து கொழுவிவிடும்வரை நிற்பானேன் என்று இரண்டு கைகளையும் நானே பின்னால் கொண்டுபோனேன். இடது கை சமர்த்தாக முதுகில் ஏறியது. வலது கை பாவாடைக் கட்டோடு நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தேன். தோளுக்குப் பின்னால் ஏதோ இறுக்கிப் பிடித்தது. அதற்கு மேல் ஒரு விரலளவுகூட ஏறவில்லை.

பெரியம்மாவின் கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டில் எதுவும் நடக்காது.

"இஞ்சை பாருங்கோ, இவளுக்குக் கை பின்னுக்குப் போகுதில்லை!"

அவ்வளவுதான். மணமகளை விட்டுவிட்டு எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கை, திருப்பிக் காட்டு பாப்பம்."

"உது வாதம். என்ர மாமியாருக்கும் உப்பிடித்தான் தொடங்கினது."

"உங்கட மாமியாருக்கு அப்ப எழுபது வயசெல்லோ பெரியம்மா?"

"வாதம் வயசு கேட்டுக்கொண்டே வரும்?"

ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துப் பின்னால் மடக்கிப் பார்த்தார்கள். ஏதோ தண்ணீர்க் குழாய் திறக்கிறதா என்று பார்ப்பதுபோல. அந்த நேரம் பூமாலையோடு உள்ளே வந்த அம்மா, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"பந்து போடுற கைதானே அது?" என்று மட்டும் கேட்டார்.

ஓம், அதே கைதான். எங்கள் தீவின் பெண்கள் மென்பந்துக் கிரிக்கெட் அணியில் முதல் ஓவர் என்னுடையது. மென்பந்துக்குப் பாரமே கிடையாது. மண்கும்பான் பக்கத்து மைதானத்தில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும்போது, அந்தக் காற்றுக்கு எதிரே நின்று அதை வேகமாகப் போடுவது லேசுப்பட்ட வேலையல்ல. மணிக்கட்டும் விரலும் போதாது. தோளை முழுதாகக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஓடிவந்து இடது காலை ஊன்றி, இடது கை கீழே விழ, வலது கை பின்னாலிருந்து கிளம்பிக் காதை உரசிக்கொண்டு மேலே வரும் அந்த ஒரு கணம்! அதற்காக நான் பரீட்சைக்கு முதல் நாள்கூட மைதானத்துக்குப் போயிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், நான் வாசிக்கிற சாதி. வேகமாகப் பந்து போடுகிறவர்களின் தோள் மற்றவர்களுடையதைவிடப் பின்பக்கமாகக் கூடச் சுழலும் என்று எங்கேயோ வாசித்தேன். கை எவ்வளவு பின்னால் போகிறதோ, அவ்வளவு தூரம் அது திரும்பி வரலாம், அவ்வளவு வேகம். எவ்வளவு அழகான விஷயம்! வாசித்த மறுநாளே பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். எங்கே? பஸ்ஸில். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருகிற எனக்கு, பண்ணைப் பாலத்தில் கழிகிற நேரம்தான் மிச்சம். இருக்கை கிடைத்தாலும் உட்காரமாட்டேன். கதவோரக் கம்பியை வலது கையால் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நெஞ்சை முன்னே தள்ளி நிற்பேன். இரண்டு பக்கமும் கடல். காற்று வந்து மோதும். பஸ் குழியில் விழும்போதெல்லாம் தோள் பின்னால் இழுபடும். காசில்லாத பயிற்சி. அணியில் படித்தவள் என்று எனக்கொரு பெயர் இருந்ததால் மற்றவர்களும் அதையே செய்தார்கள். ஒருமுறை ஆட்டத்துக்குப் போகும்போது நாங்கள் ஆறுபேர் வரிசையாக அப்படித் தொங்கிக்கொண்டு நின்றோம்.

"தங்கச்சியவை, பஸ் தானா ஓடும். நீங்கள் பிடிச்சு இழுக்கத் தேவையில்லை," என்றார் கொண்டக்டர்.

கல்யாணம் முடிந்த கையோடு அம்மா என்னை யாழ்ப்பாணத்தில் தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுக்கும் ஓர் இயன்மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். என்னைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கையைத் தோள்மட்டத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடித்து, முன்னங்கையை மேலே நிமிர்த்தினார். அதைத் தலைப்பக்கமாகச் சாய்த்தார். கை கட்டில் மட்டத்தையும் தாண்டிக் கீழே போனது.

"அடேயப்பா," என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அதே கையைக் கால்பக்கமாகச் சாய்த்தார். பாதியில் நின்றுவிட்டது. மற்றத் தோளைப் பார்த்தார். அது இரண்டு பக்கமும் நியாயமாகத் திரும்பியது.

"பின்னுக்குக் கூடத் திரும்புது, முன்னுக்குக் குறையத் திரும்புது. பந்து போடுற ஆக்களுக்கு இது வாறதுதான், அதிலை பிழையில்லை. ரெண்டையும் கூட்டினால் மற்றத் தோளின்ரை அளவு வரவேணும். உமக்கு அது வரேல்லை. பின்பக்கம் நல்லா இறுகிப்போய்க் கிடக்கு. நீர் என்ன பயிற்சி செய்யிறனீர்?"

நான் பஸ் பயிற்சியை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இளகிக் கிடக்கிற பக்கத்தைப் பிடிச்சு இன்னும் இளக்கியிருக்கிறீர். இறுகின பக்கத்தை ஆர் பாக்கிறது?"

வலப்பக்கம் சரிந்து படுத்து, வலது முழங்கையை நெஞ்சுக்கு நேரே நிலத்தில் ஊன்றி மடித்து, இடது கையால் அந்த முன்னங்கையை மெல்ல நிலத்தை நோக்கி அழுத்த வேண்டும். அது ஒரு பயிற்சி. கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடிப்பது மற்றது. பந்து போடுவதை நிறுத்தத் தேவையில்லை, குறைத்தால் போதும் என்றும் சொன்னார். எனக்கு வேண்டியது அந்த ஒரு வசனம்தான்.

அம்மாவுக்கு அது போதவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், கடலைப் பார்த்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை சொன்ன கணக்கு எனக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கிறது ஒண்டுதான். உந்தச் சட்டைக் கொழுக்கி நாலையும் ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் நீயே போட்டுக் காட்டு. காட்டினால் நெடுந்தீவுக்குப் போய் விளையாடு. இல்லையெண்டால் பந்தைத் தூக்கி அலுமாரிக்கு மேலை வை."

நெடுந்தீவு ஆட்டம் ஆனி மாதத்தில். போன வருடம் அந்தத் தீவுப் பெண்கள் எங்கள் மைதானத்துக்கு வந்து எங்களை அடித்துத் துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுடைய முதல் ஆட்டக்காரி என் பந்தைக் கடலுக்குள் அனுப்பிவிட்டு, "தங்கச்சி, அது உப்புத் தண்ணி, கழுவிப்போட்டுப் போடும்," என்று சொன்னது ஒரு வருடமாக என் காதுக்குள் இருந்தது. அவளுக்கு இன்னொரு முறை பந்து போடாமல் நான் நிம்மதியாகச் சாப்பிடப் போவதில்லை.

அப்பாவுக்குத் தெற்கில் கடை; மாதத்தில் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். என் உடம்பில் எது பழுதானாலும் தூக்கிக்கொண்டு ஓடுவது அம்மாதான். பயத்தில்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் வாதாடவில்லை. சரி, கொஞ்சம் வாதாடினேன். பாலம் முடிந்து அல்லைப்பிட்டி வரும்வரைக்கும்.

சட்டை அலுமாரிப் பிடியில் தொங்கத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் விறாந்தையில் பாயைப் போட்டுப் பயிற்சி. மாலையில் மைதானத்தில் பரிசோதனை. பரிசோதகர் எங்கள் கப்டன். கடல்தொழில் செய்கிற, தேவாலயத்துக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண். விக்கெட்டுக்குப் பின்னால் நின்று அவள் போடும் சத்தம் அடுத்த ஊரான சரவணைக்கும் கேட்கும். என் கறுப்பு ரீசேட்டின் முதுகில், வலது பெருவிரல் எட்டும் இடத்தில் வகுப்பறை வெண்கட்டியால் ஒரு கோடு போடுவாள். மறுநாள் அதற்கு மேலே இன்னொன்று. சில நாளில் அதற்குக் கீழே ஒன்று. அன்றைக்கு என் மூஞ்சி நீண்டுவிடும். அந்தக் கோடுகளோடுதான் வீட்டுக்குப் போவேன்.

"பிள்ளை, முதுகிலை என்ன, கடல் மட்டமோ?" என்று கேட்டார் சந்திக் கடைக்காரர்.

"ஓம் அண்ணை. வத்தோ பெருக்கோ எண்டு பாக்கிறம்."

பெருக்குத்தான். சித்திரை முடியும்போது அடிக்கொழுக்கி வசப்பட்டது. வைகாசியில் இரண்டாவது. ஆக மேலே கழுத்தடியில் இருக்கும் கொழுக்கி எப்போதுமே சுகம். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் சரி. மிஞ்சியது அதற்கும் இரண்டாவதுக்கும் இடையில், சரியாக இரண்டு தோள்பட்டைச் சப்பை எலும்புகளுக்கும் நடுவில் இருக்கிற ஒன்று. நடுக் கொழுக்கி என்று பெயர் வைத்தோம். வலது கை கீழிருந்து ஏறி ஏறி அதற்கு நாலு விரல் கீழே வந்து மூச்சுவாங்கி நிற்கும். ஆட்டத்துக்கு முதல் நாள் மாலையும் அங்கேதான் நின்றது.

அம்மா சட்டையை வாங்கி மடித்தார். கப்டன் பக்கத்தில் நின்றாள்.

"அன்ரி, நெடுந்தீவுக்குப் போட் ஒரு மணித்தியாலம் போகும். இறங்கிறதுக்குள்ளை போட்டுக் காட்டினாலும் போட்ட மாதிரித்தானே?"

"போட்டிலையோ? சனத்துக்கு முன்னாலையோ?"

"ரீசேட்டுக்கு மேலை போடட்டும். நீங்களும் வாங்கோ. போடேல்லையெண்டால் உங்களோடை இருந்து ஆட்டம் பாக்கட்டும்."

அம்மா நெடுந்தீவைப் பார்த்தே பல வருடம். யோசித்தார். "சட்டையை நான்தான் கொண்டுவருவன்," என்றார்.

காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறும்போதே சோளகம் தொடங்கிவிட்டிருந்தது. கோழிக் கூடு, சீமெந்துப் பை, சைக்கிள், எங்கள் அணி, துடுப்புப் பை, அம்மா. துறையை விட்டு விலகியதும் அம்மா கைப்பைக்குள்ளிருந்து சட்டையை எடுத்து நீட்டினார். பட்டுச் சட்டையை ரீசேட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு கோழிகூடக் கழுத்தை நீட்டியது.

"என்ன இது, கல்யாணமோ மச்சோ?" என்றார் படகுக்காரர்.

"ரெண்டும் இல்லை அண்ணை, சோதினை," என்றாள் கப்டன். பிறகு படகுக்கே கேட்கும்படியாகக் கதை முழுவதையும் சொல்லிமுடித்தாள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் வேறு வேலையே இல்லை.

அடிக்கொழுக்கி, சரி. இரண்டாவது, சரி. கழுத்துக் கொழுக்கி, சரி. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். நடுக் கொழுக்கிக்கு வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வலது கையைக் கீழிருந்து ஏற்றினேன். ரீசேட்டும் சட்டையும் சேர்ந்து இன்னும் இறுக்கம். ஏற்றினேன். வழுக்கியது. திரும்ப ஏற்றினேன்.

"இன்னும் கொஞ்சம் பிள்ளை!"

"மூச்சை விடும், மூச்சை விடும்!"

"நீங்கள் சத்தம் போடாதேங்கோ, அவள் வெருளப்போறாள்."

தூரத்தில் நெடுந்தீவு ஒரு கோடாகத் தெரிந்தது. கோடு தடித்தது. பனைகள் தெரிந்தன. நான் வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் நனைந்துபோயிருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டக்காரி இன்னொருத்தியின் பந்தை அடிப்பதை ஓரமாக இருந்து பார்க்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கையை இன்னொருமுறை ஏற்றினேன்.

அப்போது ஒரு பெரிய அலை. படகை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டது. நான் கூரைக் கம்பியைப் பிடிக்க வலது கையை மேலே வீசினேன். கம்பி தவறிவிட்டது. வீசிய கை, பழக்கதோஷத்தில், பந்து போடப் பின்னால் போவதுபோலத் தலைக்குப் பின்னால் மடிந்து முதுகில் விழுந்தது. விழுந்த கை நிற்கவில்லை. கழுத்தைத் தாண்டி, கழுத்துக் கொழுக்கியைத் தாண்டி, கீழே கீழே போனது. விரல்நுனியில் ஒரு சிறிய கம்பி வளைவு தட்டியது.

நடுக் கொழுக்கி!

"அப்பிடியே நில்லடி!" கப்டன் கத்தினாள். "கையை எடுத்திடாதை! இடது கை, இடது கையைக் கீழாலை கொண்டுவா!"

இடது கை எப்போதும்போல ஏறி வந்தது. இரண்டு கைகளும் என் முதுகில் நேருக்கு நேர் சந்தித்தன. கொழுவினேன்.

கோழிகள் உட்பட எல்லோரும் சத்தம் போட்டார்கள். அம்மா மட்டும் எழும்பினார்.

"உது செல்லாது. கீழாலையெல்லோ போடுறது!"

"நீங்கள் கீழாலை எண்டு சொல்லேல்லையே அன்ரி. தானே போடவேணும் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"உலகத்திலை ஆர் மேலாலை போடுறது?"

மருந்துப் பெட்டியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தாதி, "அக்கா, கோவிக்காதேங்கோ. மேலாலை நீங்கள் ஒருக்கால் எட்டிப் பாருங்கோ," என்றார். சொல்லிவிட்டுத் தானே முயன்று பார்த்தார். அவருடைய கை கழுத்துக்குக் கீழே கொஞ்சத் தூரம் போய் நின்றது. பக்கத்திலிருந்தவரும் பார்த்தார். அதற்கும் பக்கத்திலிருந்தவர். ஒரு நிமிடத்தில் அந்தப் படகிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரு கையைத் தலைக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, முழங்கை வானத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் மரியாதையாகக் கடலைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் கடலைப் பார்த்தபடியே தாங்களும் முயன்றார்கள். ஒருவருடைய விரலும் அந்த இடத்துக்குப் போகவில்லை.

கடைசியில் அம்மாவும் கையைத் தூக்கினார். அது பின்கழுத்தில் போய் நின்றது. எடுத்தார். என் பின்னால் வந்து நடுக் கொழுக்கியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தோளைப் பிடித்தார், முன்னாலும் பின்னாலும்.

"நோகேல்லையோ?"

"இல்லை அம்மா."

"மெய்யா?"

"மெய்யா."

இறங்குதுறை கிட்டிவிட்டது.

"கழட்டு," என்றார். "அதோடை ஓடினால் வேர்க்கும்."

சந்தோஷத்தில் நான் துள்ளிக்கொண்டு நின்றதில் ஒரு கொழுக்கியும் கழலவில்லை. கப்டன்தான் கழட்டிவிட்டாள்.

நெடுந்தீவு மைதானத்தின் ஒரு பக்கம் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல் மதில். சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கியது, எங்கும் பொந்து. பந்து பொந்துக்குள் போனால் எடுக்கும்வரை ஓடிக்கொண்டிருக்கலாம் என்பது அவ்வூர்ச் சட்டம். எந்தப் பொந்து ஆழம் என்று அவ்வூர்ப் பெண்களுக்கு மனப்பாடம். அந்தச் சட்டம் ஒன்றினாலேயே நாங்கள் தோற்றோம் என்று இப்போதும் நான் சத்தியம் பண்ணுவேன்.

ஆனால் முதல் ஓவர் என்னுடையது. அதே ஆட்டக்காரி.

"தங்கச்சி, பந்தைக் கழுவிக்கொண்டு வந்தனீரோ?" என்றாள்.

காற்றுக்கு எதிரே ஓடினேன். இடது கால் ஊன்றியது. வலது கை பின்னால் எங்கேயோ ஒரு தூரத்துக்குப் போய், அங்கிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது. பந்து குத்தி உள்ளே திரும்பியது. அவள் மட்டையைக் கொண்டுவரும்போது நடுக்குச்சி சாய்ந்துகிடந்தது. கப்டனின் சத்தத்தில் மதிலோரம் மேய்ந்த அந்தத் தீவின் காட்டுக் குதிரைகள் இரண்டு ஓடின. மதிலில் சாய்ந்திருந்த அம்மா, கைப்பையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாலைப் படகில் எல்லோரும் களைத்துப்போயிருந்தோம். அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் ஏற்றிப் பார்த்தார். கப்டனுக்கா தெரியாது? களிசான் பைக்குள்ளிருந்து வெண்கட்டியை எடுத்து, அம்மாவின் கரும்பச்சைச் சட்டையில் ஒரு கோடு போட்டாள்.

அம்மா திரும்பவில்லை. "எவ்வளவு?" என்றார்.

"சொன்னால் கோவிப்பியள் அன்ரி. இடுப்பு."

படகே சிரித்தது. "சிரியுங்கோ, சிரியுங்கோ," என்றார் அம்மா.

மறுநாள் விடிய எழும்பி விறாந்தைக்குப் போனேன். என் பாயில் இடமில்லை. அம்மா வலப்பக்கம் சரிந்து படுத்து, முழங்கையை ஊன்றி, முன்னங்கையை நிலத்தை நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துப் பொங்கும் சத்தம் குசினிக்குள்ளிருந்து கேட்டது.

"அம்மா, தேத்தண்ணி..."

"போய் இறக்கு," என்றார். "எனக்கு இப்ப எழும்ப ஏலாது."